துபாஷி

புது கிராஃபிக்ஸ் கார்டுக்கு மூன்று விசிறி,
செங்கல் கனம், நான்கு வாய்.
நான்கில் ஒன்றுகூட
பழைய மானிட்டரின் கேபிளுக்குத் திறக்கவில்லை.

தேகுவில் பிப்ரவரி.
லிஃப்ட் ரிப்பேர் முடித்து வந்த பியோ சொன்-ஆ
கிரீஸ் போகாத விரலால்
வெள்ளை பிளக்கின் ஊசிகளை எண்ணினாள்.
இருபத்துநாலு. பக்கத்தில் ஒரு தட்டைப் பல்.
இரு காதிலும் திருகு.
இந்தக் காலத்தில் யார்
கேபிளைத் திருகி இறுக்குகிறார்கள்?

மூடப்போன பிசி-பாங் ஒன்றில்
முப்பதாயிரம் வொன்னுக்கு வாங்கிய மானிட்டர்.
நெற்றியில் இன்னும் 37 என்ற இருக்கை எண்.
இடது கீழ்மூலையில் அணையாத ஒரு சிவப்புப் புள்ளி,
மச்சம் மாதிரி.
நொடிக்கு நூற்றுநாற்பத்துநாலு படம் காட்டும்.
காட்டியது, போன வாரம் வரை.

"தூக்கிப் போடு" என்றான் நாம்குங் கியு,
கார்டை விற்றவன்.
"நீ அடாப்டர் தேடி அலையும் பஸ் காசுக்கே
புதுசு ஒன்று வந்துவிடும்."
வராது. அவனுக்கும் தெரியும்.

அவளுடைய தொழிலில் இது புதிதில்லை.
தொண்ணூற்றுநாலில் மாட்டிய லிஃப்டுக்கு
இந்த வருஷத்து கண்ட்ரோல் போர்டு.
நடுவே அவளே பற்றவைத்த கையகலப் பலகை.
பன்னிரண்டு மாடி ஜனம் அதை நம்பித் தொங்குகிறது,
நம்புகிறோம் என்று தெரியாமலே.

க்யோ-தோங் கடைத்தெருவில்
முதலில் நாலாயிரம் வொன்னுக்கு ஒரு குட்டி இணைப்பான்.
படம் வந்தது.
அறுபது.
அறுபது என்றால் என்னவென்று
அறுபதிலேயே இருப்பவர்களுக்குத் தெரியாது.
மவுஸ் அம்பை வட்டமாகச் சுழற்றினாள்.
வட்டம் எங்கே?
கோடு போட மறந்த புள்ளிக்கோலம்.

இமைக்கும் நேரம் ஒரு மாத்திரை.
ஒரு குறிலைச் சொல்லி முடிப்பதற்குள்
முன்பு இந்தத் திரையில் நாற்பது படம் விழும்.
இப்போது பதினேழு.
மீதியை யாரோ வாயில் போட்டுக்கொண்டார்கள்.

அடுத்தது சோப்புக்கட்டி அளவு.
விலையைச் சொன்னால் கியு சிரிப்பான்.
ஒரு வால் கார்டுக்கு, ஒரு வால் யூஎஸ்பிக்கு;
சோறு போட்டால்தான் வாய் திறக்கும் துபாஷி.
அந்தப் பக்கம் பேசுவது பொட்டலம் பொட்டலமாக,
இந்தப் பக்கம் கேட்பது விடாத ஒழுக்காக.
நடுவில் இருப்பவனுக்கு
இரண்டு மொழியிலும் மூச்சு வாங்கியது.

நூற்றுநாற்பத்துநாலு, என்றாள்.
பச்சைக் கீற்றுகள்,
மழை படுத்துக்கொண்டு பெய்வதுபோல.
அப்புறம் கறுப்பு.
பதினைந்து விநாடி பொறுத்தால்
தானாகப் பழைய எண்ணுக்குத் திரும்பும்.
அந்தப் பதினைந்து விநாடி
இரண்டு மாடிக்கு நடுவே நின்ற லிஃப்டுக்குள்
முன்பின் தெரியாதவர்கள் மூச்சுவிடும் சத்தம்.

நூற்றுமுப்பது.
ஏழு நிமிடம் தாங்கி, எட்டாவதில் தும்மியது.

நூற்றிருபது.
காத்திருந்தாள்.
அடுப்பில் ராமியன் கொதித்து, ஆறி,
கயிறுபோல வீங்கியது.
தும்மவில்லை.

சனிக்கிழமை கியு வந்தான்.
ஷூவைக் கழற்றியவன் நேராக நாற்காலியில்.
இரண்டு ஆட்டம் ஜெயித்தான்,
ஒன்றில் படிக்கட்டுக்கு அடியில் செத்தான்,
அதற்கும் மானிட்டரைத் திட்டவில்லை.
"எத்தனையில் ஓடுது?"
"நூற்றுநாற்பத்துநாலு."
"அதானே. கண்ணுக்கே தெரியுதே."

காணாமல் போன இருபத்துநாலைப் பற்றி
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
மேசைக்கு அடியில் கையை விட்டு
துபாஷியின் முதுகைத் தொட்டுப் பார்த்தாள்.
டீ ஊற்றிய டம்ளர் சூடு.
கையை எடுத்துவிடும் அளவுக்கு இல்லை.
கியு அடுத்த ஆட்டத்தைத் தொடங்கியிருந்தான்.
சுவரோரம் குனிந்தே ஓடினான்,
அந்தச் சிவப்புப் புள்ளியை
எதிரி என்று நினைத்து
இரண்டு தரம் சுட்டான்.